மூளைப் படத்தை இறக்குங்கள், டாக்டர் நாற்காலியைத் திரும்பப் போடுங்கள்

எங்கள் ஊர் அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கும், அதன் தர்ம வைத்தியசாலையில் அக்குபங்சர் ஊசி போடும் தம்பிக்கும்,

சென்ற சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வைத்தியசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். பாதிக்கு மேல் தலைவலிக்காரர்கள். வெயில் படாத தூண் ஓரமாக ஒதுங்கி, முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். சீட்டு எழுதும் பெண் வந்து, "இனிமே சனிக்கிழமை டாக்டர் வரமாட்டாங்க டீச்சர். ட்ரஸ்ட்ல முடிவு பண்ணிட்டாங்க. ஊசி மட்டுந்தான்" என்றாள். டாக்டரின் மேசை இருந்த இடத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. இரண்டு மூளைப் படங்கள். இடப்பக்கம் நீலம், "சிகிச்சைக்கு முன்". வலப்பக்கம் சிவப்பு, "சிகிச்சைக்குப் பின்". கீழே பெரிய எழுத்தில்: "மூளைக்கு ரத்த ஓட்டம் பெருகும், ஒற்றைத் தலைவலி வேரோடு நீங்கும். அறிவியல் நிரூபித்த உண்மை. மாத்திரைகளுக்கு விடை கொடுங்கள்."

அந்தப் பலகை மார்கழியிலேயே வாசலுக்கு வந்துவிட்டது. அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தது என் தவறு. இப்போது டாக்டரின் நாற்காலியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலகையை வைத்திருக்கிறீர்கள். இதற்கு மேலும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். இருபத்தாறு வருடமாக மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உண்டு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஓர் எழுத்து காணாமல் போகும். அந்த இடத்தில் கோட்டை மதிலின் பல்வரிசை மாதிரி ஒரு கோடு மினுங்கும். அரை மணி நேரத்துக்குள் அது விரிந்து விரிந்து பலகையின் பாதியைத் தின்றுவிடும். அது மறைந்த பிறகு பொட்டில் அடிக்க ஆரம்பிக்கும். எங்கள் வீடு பழைய வளவு வீடு. நடு முற்றத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், ஜன்னலில்லாத உள்ளறையில் ஆத்தங்குடிக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவேன். ஒரு நாள், சில சமயம் மூன்று நாள். பிள்ளையார் நோன்பு அன்று இழை எடுக்கும்போது அந்தச் சின்னத் திரியின் சுடரைக்கூடப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட வருடங்கள் உண்டு. சுக்குப் பற்று, தைலம், பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு, மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் கூட்டு மாத்திரை என எல்லாம் பார்த்தாகிவிட்டது.

உங்கள் ஊசிக்கு நான் எதிரி இல்லை, தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்பு உங்களிடம்தான் பத்து முறை வந்து படுத்தேன். பிடரிக் குழியில் இரண்டு பக்கமும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்காலில் என்று ஊசி போட்டீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி உறையைப் பிரித்தது என் கண்ணெதிரேதான். அரை மணி நேரம் மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லாத அந்த அறையில், யாரும் எதுவும் கேட்காமல் படுத்திருந்தேன். வீட்டில் எந்தப் பெண்ணுக்கு அப்படி அரை மணி நேரம் கிடைக்கிறது? நாள்காட்டித் தாளில் வலி வந்த நாளெல்லாம் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னவர் சனிக்கிழமை டாக்டர். அந்தத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. மாதம் ஒன்பது புள்ளிகள் இருந்தன, மூன்றாம் மாதத்தில் ஐந்தாகின. அதே மாதங்களில் டாக்டர் வலி வராமல் தடுக்க இரவில் ஒரு சின்ன அமிட்ரிப்டிலின் மாத்திரையும் கொடுத்திருந்தார், தூங்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தியிருந்தார். அந்த நான்கு புள்ளிகளை எது குறைத்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. உங்களாலும் சொல்ல முடியாது.

அந்தப் படத்துக்கு வருகிறேன். ரத்த ஓட்டம் நான் வருடா வருடம் நடத்தும் பாடம். இதைப் பற்றி என் மாணவர்கள் தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மைக்ரேன் என்பது மூளைக்கு ரத்தம் போதாமல் வரும் நோய் என்று அந்தப் பலகை சொல்லாமல் சொல்கிறது. இந்த நோயின் வரலாறு அப்படி இல்லை. 1938-ல் நியூயார்க்கில் கிரகாம், வொல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் வலியில் இருந்தவர்களின் பொட்டு நாளத்துடிப்பை அளந்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோட்டமின் மருந்து போட்டதும் துடிப்பு தணிந்தது, வலியும் தணிந்தது. ரத்தக்குழாய் விரிவதால்தான் வலி என்று வொல்ஃப் முடிவு செய்தார். உலகம் பல பத்தாண்டுகள் அதை நம்பியது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ரத்தத்தைக் கூட்டுவது வலியைக் கூட்டுவதாகத்தான் முடியும்.

பிறகு அந்தக் கணக்கும் நிற்கவில்லை. கண்ணில் மதில்கோடு மினுங்குவது எதனால் என்று லாஷ்லி என்ற உளவியலாளர் தன் பார்வையில் தோன்றியதையே வரைந்து வைத்து, அது மூளைப் பரப்பில் நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் நகர்கிறது என்று 1941-ல் கணக்குப் போட்டார். மூன்று வருடம் கழித்துப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவ் முயலின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் நகரும் ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் கொதித்தெழுந்து, பிறகு அடங்கிப்போகும் அலை அது. 1981-ல் டென்மார்க்கில் ஓலெசன் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும், மதில்கோடு தோன்றும் வேளையில் மூளையின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி ரத்த ஓட்டக் குறைவு பரவுவதை நோயாளிகளிடமே பார்த்தார்கள். அலை முந்திப் போகிறது, ரத்தம் அதற்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. 2013-ல், வலி நடந்துகொண்டிருக்கும்போதே பெண்களை ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்தபோது, மண்டை ஓட்டுக்கு வெளியே உள்ள குழாய்கள் விரியவே இல்லை. உள்ளே இருந்தவை கொஞ்சம்தான் விரிந்திருந்தன. முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கோண நரம்பும், அது உமிழும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கும்தான் இன்று பேசப்படுகின்றன. அந்த வழியைத் திறந்த நால்வருக்கு 2021-ல் டென்மார்க்கின் மூளைப் பரிசு கொடுத்தார்கள். ஓலெசன் அதில் ஒருவர்.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள், ஐயா. எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்தால் எந்த வயலில் வேலை நடக்கிறது என்று ஊகிக்கலாம். தண்ணீர் ஓடுவதைக் காட்டி, பயிரைப் பிடித்த நோய் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? மூளையிலும் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு ரத்தம் கூடும். அரை நிமிடம் மூச்சைப் பிடித்தால் மூளை ரத்த ஓட்டம் கூடும், வேகமாக மூச்சு வாங்கினால் குறையும். காலையில் குடிக்கும் காப்பியே அதைக் குறைக்கும். கையைக் கிள்ளினாலும் மூளையில் சில இடங்கள் படத்தில் ஒளிரும். ஊசி குத்தினால் ஒளிராமல் எப்படி இருக்கும்? ஒளிர்ந்தது உண்மை. அதனால் மைக்ரேன் போனது என்பது நீங்களாக ஒட்டிய வாசகம். அந்த நீலமும் சிவப்பும்கூட மூளையின் நிறம் இல்லை. எண்களுக்குக் கணினி பூசுகிற வண்ணம், எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்று முடிவு செய்வது படம் போடுகிறவர். உங்கள் பலகையில் அந்த எண் எதுவும் இல்லை. யாருடைய மூளை, எத்தனை பேரிடம் பார்த்தது, வலி இருந்த நேரமா இல்லாத நேரமா என்றும் இல்லை.

மைக்ரேன்காரர்களின் மூளை ரத்த ஓட்டத்தில் அக்குபங்சர் என்ன செய்கிறது என்று உண்மையாகவே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொட்டில் டாப்ளர் கருவியை வைத்து நடு மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். அது வேகத்தைத்தான் சொல்லும். குழாயின் அகலம் தெரியாமல் வேகத்தை மட்டும் வைத்து எவ்வளவு ரத்தம் போகிறது என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது குழாய் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும், குடம் சீக்கிரம் நிறையாது. ஜெர்மனியில் செய்த சிறிய ஆய்வுகளில் கண்ணுக்கு வெளிச்சம் காட்டி அளந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வெளிச்சம் பட்டதும் அந்த வேகம் அளவுக்கு மீறித் துள்ளும். ஊசி போட்ட பிறகு அந்தத் துள்ளல் தணிவதைக் கண்டார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முற்றத்து வெயிலுக்கு நான் ஏன் இப்படிச் சுருண்டுபோகிறேன் என்பதற்கு ஒரு கருவி முதல்முறையாகச் சாட்சி சொன்னது மாதிரி இருந்தது. ஆனால் அவை சில பத்துப் பேரிடம் பார்த்தவை. அவர்கள் கண்டதும் தணிவதைத்தான். உங்கள் பலகை "பெருகும்" என்கிறது.

ஊசியால் பலன் உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் ரத்த ஓட்டப் படங்களில் இல்லை, ஆட்களை எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் இருக்கிறது. 2006-ல் ஜெர்மனியில் 960 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47 சதவீதத்தினருக்கு வலி நாட்கள் பாதியாவது குறைந்தன. புள்ளி தப்பி மேலோட்டமாகக் குத்தியவர்களில் 39 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 40 சதவீதம். 2016-ல் 22 ஆய்வுகளை, 4985 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பிலும் முறையான ஊசிக்கு 50 சதவீதம், போலி ஊசிக்கு 41 சதவீதம். 2020-ல் சீனாவில் 150 பேரிடம் செய்ததில் உண்மை ஊசிக்கு மாதத்தில் 3.9 நாட்கள் குறைந்தன, தோலுக்குள் இறங்காத போலி ஊசிக்கு 2.2. மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்று இதைப் பார்த்து நீங்கள் பெருமையாகவே சொல்லலாம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, வலி வராமல் தடுக்கும் மாத்திரைகளான டோபிராமேட்டும் புரோப்ரனலாலும் ஒத்துவராதவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பத்து முறை வரை அக்குபங்சர் கொடுத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல செய்தி கையில் இருக்கும்போது பொய்ப்படம் எதற்கு? "வேரோடு நீங்கும்" என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. தாறுமாறாகக் குத்தினாலும் பத்தில் நான்கு பேருக்குப் பலன் என்றால், படுத்திருப்பதும், ஒருவர் பொறுமையாகக் காதுகொடுப்பதும், குணமாகும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி எங்கள் தெருவில் பலகாரம் சுடுகிற அக்காவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். மணகோலமும் சீப்புச்சீடையும் அவர் கையால் செய்தால்தான் வேண்டும் என்று சென்னையிலிருந்து கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நாள் முழுக்க நிற்கிற உடம்பு, அவருக்கும் என் நோய். டாக்டர் எழுதிய புரோப்ரனலால் சாப்பிட்டு ஒரு வருடமாக நன்றாகவே இருந்தார். தை மாதம் அந்தப் பலகையைப் படித்தார். "மாத்திரையை விட்டாத்தான் ஊசி வேலை செய்யும், உடம்புல தேங்கின கழிவெல்லாம் வெளியேறணும்" என்று உள்ளே அவரிடம் சொல்லப்பட்டது. அன்றே நிறுத்தினார். புரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரேயடியாக விட்டால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும், இதய நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மூன்றாம் நாள் நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது என்று நின்றார், தலைவலியும் திரும்பிவிட்டது. வைத்தியசாலைக்குப் போன் செய்து கேட்டதற்கு, "கழிவு வெளியேறுது, பொறுத்துக்குங்க" என்று பதில் வந்தது. அன்று இரவு பதினொரு மணிக்கு அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. பிழைத்துக்கொண்டார். சீர்ப் பலகாரத்துக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வளையலை அடகு வைத்தார். உங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தர்மத்துக்குச் செய்கிறவர்களைக் குறை சொல்லக் கூடாதாம்.

மாத்திரையை விடச் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருப்பதும் எனக்குத் தெரியும், தம்பி. வலி வந்தவுடன் போடும் கூட்டு மாத்திரையை மாதம் பத்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நானே அதில் மாட்டி, டாக்டர் சொல்லித்தான் வெளியே வந்தேன். ஆனால் வலிக்குப் போடும் மாத்திரை வேறு, வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரை வேறு. எதை விடலாம், எதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். 2019-ல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. நீங்கள் அந்த ஆணையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அந்த மரியாதை உங்களுக்கு உரியதுதான். இன்னொருவர் எழுதிய சீட்டை நிறுத்தும் உரிமை அந்தச் சட்டகத்துக்குள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிர்வாகிகளான ஐயாமார்களுக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்ற ஒரு பெண், பன்னிரண்டாம் நாள், தலைவலி என்று இதே திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரும் பச்சை உடம்பு, தூக்கமில்லை, அதனால் வலி என்றே நினைத்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ளத்தான் அழைத்து வந்திருந்தார்கள். டாக்டர் அவளிடம் நாலு கேள்வி கேட்டார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், அந்த நிமிடமே மதுரைக்கு அனுப்பினார். மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருந்தது. பிள்ளைப்பேறு முடிந்த வாரங்களில் வரக்கூடியது அது. இன்று அவள் நன்றாக இருக்கிறாள். இத்தனை வருடத்தில் உங்கள் வாசலுக்கு வந்தவர்களில், எனக்குத் தெரிந்து, மூளையில் ரத்த ஓட்டம் நிஜமாகவே தடைப்பட்டிருந்தது அவளுக்குத்தான். அதைக் கண்டுபிடித்த மனிதரின் நாற்காலியை எடுத்துவிட்டு ரத்த ஓட்டப் படத்தை வைத்திருக்கிறீர்கள்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த ஒருவர் கட்டிய வீடு அது. அவர் பேரர்கள் அதைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார்கள். காசு கேட்காத இடம் என்பதால்தான் பள்ளத்தூரிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். காசு கொடுத்தவர் கேள்வி கேட்பார். தர்மத்துக்கு வாங்குகிறவர் கேட்கக் கூச்சப்படுவார். அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

அந்த மூளைப் படப் பலகையை இந்த வாரமே இறக்குங்கள். அந்த இடத்தில் தமிழில், கொட்டை எழுத்தில், ஊசியால் பலருக்கு வலி நாட்கள் குறைகின்றன, எல்லோருக்கும் இல்லை, தினசரி மாத்திரையை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று எழுதி வையுங்கள். வாசகம் நானே எழுதித் தருகிறேன். தம்பி ஒரு முறை படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை டாக்டரைத் திரும்ப அழையுங்கள். அவர் கேட்டது போக வர பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் பாரம் என்றால் எங்கள் தெருப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறோம். அவர் வர முடியாத நாளில், புதிதாகத் தலைவலி என்று வருகிறவர் யாருக்கும் முதல் ஊசியைப் போடாதீர்கள்.

தம்பி, ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்துவையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தலைவலி வந்தவர், இடி விழுந்தது போல் நொடியில் வலி வந்தவர், கை கால் மரத்தவர், பேச்சு குழறுபவர், காய்ச்சலோடு கழுத்து விறைத்தவர், கர்ப்பிணி, பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவர் ஆகியோரை உட்காரவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வலி கூடிவிட்டது என்று யாராவது போன் செய்தால் "கழிவு" என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள், அல்லது டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

பலகார அக்காவின் வீட்டுக்கு நிர்வாகிகளில் ஒருவராவது நேரில் போய் நடந்ததைக் கேளுங்கள். அடகு வைத்த வளையலை மீட்டுக் கொடுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

வரும் பௌர்ணமிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் ஒன்பதரைக்கு நான் திண்ணையில் இருப்பேன். சிவப்புப் புள்ளி வைத்த இரண்டு வருட நாள்காட்டித் தாள்களையும், மேலே சொன்ன ஆய்வுகளின் நகலையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வைத்தியசாலையில் பத்து முறை ஊசி போட்டுக்கொண்ட விலங்கியல் ஆசிரியை,
காரைக்குடி